ஆண்களை எந்த வழியில் சேர்ப்பது: போர் ஓய்ந்த ஊர்களுக்கான நான்கு அணுகுமுறைகள்

போர் ஓய்ந்த ஒரு மாவட்டத்தில் வீட்டுக்குள் நடக்கும் வன்முறையைக் குறைக்கவும் ஊருக்குள் இணக்கத்தை வளர்க்கவும் மூன்று ஆண்டுகளுக்கு நிதி பெற்றிருக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்களையும் பையன்களையும் இந்தப் பணியில் சேர்க்காமல் ஒன்றும் நடக்காது என்பது அதற்குத் தெரியும். எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஆண்களை மட்டும் தனியாகக் கூட்டிப் பேசலாம்; கணவனையும் மனைவியையும் ஒன்றாக உட்காரவைக்கலாம்; ஊர் முழுவதையும் பேசவைக்கலாம்; அல்லது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடமிருந்து தொடங்கலாம். இந்த நான்கும் வெவ்வேறு நாடுகளில் முறையான ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டவை. முதல் மூன்றும் ஆப்பிரிக்காவின் பேரேரிப் பகுதியில், அதாவது ருவாண்டா, கிழக்குக் கொங்கோ, உகண்டா ஆகிய இடங்களில், சில நூறு கிலோமீட்டர் தொலைவுக்குள் சோதிக்கப்பட்டிருப்பதால், அவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல களம் வேறில்லை.

ஐ.நா. பாதுகாப்புச் சபை 2000 அக்டோபர் 31 அன்று நிறைவேற்றிய 1325ஆம் தீர்மானம் சமாதானப் பேச்சுகளிலும் மீள்கட்டுமானத்திலும் பெண்களுக்கு இடம் கேட்டது. ஆண்களும் பையன்களும் இதில் பங்காளிகளாக வேண்டும் என்ற வலியுறுத்தல் பாதுகாப்புச் சபையின் ஏடுகளில் 2013இன் 2106ஆம் தீர்மானத்திலும் 2015இன் 2242ஆம் தீர்மானத்திலும் இடம்பெற்றது. அதற்குப் பிறகு நிதி வழங்குநர்களின் விண்ணப்பப் படிவங்களில் ‘ஆண்களை ஈடுபடுத்தல்’ என்பது ஏறக்குறைய ஒரு கட்டாயப் பகுதியாகிவிட்டது. படிவத்தை நிரப்புவதற்காகச் சேர்க்கப்பட்ட ஒரு நாள் பயிலரங்குகளை நான் இந்த ஒப்பீட்டில் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் பேச்சினால் வீட்டுக்குள் எதுவும் மாறும் என்று கருத எந்த ஆதாரமும் எனக்குத் தென்படவில்லை.

ஒப்பிடுவதற்கு முன் எதைக் கொண்டு அளப்பது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். பயிற்சி முடிந்தபின் ஆண்களிடம் வினாக்கொத்தைக் கொடுத்து, “மனைவியை அடிப்பது சரியா?” என்று கேட்டால், எந்தப் பதிலை எதிர்பார்க்கிறார்கள் என்பது அவர்களுக்கு அதற்குள் தெரிந்திருக்கும். ஆகவே ஆண்களின் மனப்பான்மை மாறியது என்ற முடிவை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு திட்டத்தை வெற்றி என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. அதே வீட்டிலிருக்கும் பெண்ணிடம், தனியாக, பாதுகாப்பான சூழலில், “கடந்த பன்னிரண்டு மாதங்களில் உங்களுக்கு என்ன நடந்தது?” என்று கேட்டுப் பெறும் பதிலே அளவுகோலாக இருக்க வேண்டும். இந்த அளவுகோலைப் பிடித்துக்கொண்டால் நான்கு வழிகளின் தராதரமும் வேறு மாதிரித் தெரியத் தொடங்கும்.

ஆண்களை மட்டும் கூட்டும் வழியே நிறுவனங்களுக்கு மிகவும் இலகுவானது. சர்வதேச மீட்புக் குழு என்ற உதவி நிறுவனம் கொங்கோவின் வடக்கு, தெற்குக் கிவு மாகாணங்களில் இதைப் பொறுப்போடு வடிவமைத்தது. முதலில் பெண்கள் எட்டு வாரங்கள் தனியாகக் கூடி, தங்கள் வீடுகளில் எது மாற வேண்டும் என்று பேசினார்கள். அவர்கள் சொன்னவற்றை உள்ளெடுத்து ஆண்களுக்குப் பதினாறு வாரங்கள், வாரம் ஒரு கூட்டம் நடத்தப்பட்டது. திட்டம் நடந்த ஊர்களையும் நடக்காத ஊர்களையும் குலுக்கல் முறையில் பிரித்து ஆராய்ந்த ஆய்வு 2020இல் வெளியானது. ஆண்களின் சொல் மாறியிருந்தது. வன்முறையை நியாயப்படுத்துவது குறைந்திருந்தது. வீட்டு வேலையில் அவர்கள் கூடுதலாகக் கைகொடுத்தார்கள். தம்பதியரிடையே உறவு மேம்பட்டதாகப் பெண்களே சொன்னார்கள். ஆனால் பெண்கள் அனுபவித்த வன்முறையில் இரு தரப்பு ஊர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. ஐவரி கோஸ்டில் இதற்கு முன் நடந்த ஆண்கள் குழுக்களின் ஆய்விலும் வன்முறை குறைந்தது போலத் தெரிந்தாலும், புள்ளியியல் அடிப்படையில் அதை உறுதிசெய்ய முடியவில்லை.

ஏன் இப்படி ஆயிற்று என்பதற்கு, கிவுவின் அதே திட்டத்தில் பங்கெடுத்தவர்களிடம் விரிவாகப் பேசி ஆராய்ந்தவர்கள் தரும் விளக்கம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஆண்கள் தண்ணீர் எடுத்து வந்தார்கள், பிள்ளையைக் குளிப்பாட்டினார்கள், காசைப் பற்றி மனைவியிடம் கலந்து பேசவும் செய்தார்கள். ஆயினும் கடைசி முடிவு யாருடையது என்ற கேள்வி வந்தபோது, அது தங்களுடையது என்பதில் அவர்கள் சிறிதும் அசையவில்லை. நல்ல கணவன் என்பவன் மனைவிக்கு இரங்கி உதவுபவன் என்ற புதிய படிமம் உருவாயிற்றே தவிர, அதிகாரம் கைமாறவில்லை. உதவி செய்வது அவன் விருப்பத்தில் இருக்கும்வரை, அதை நிறுத்துவதும் அவன் விருப்பத்தில்தான் இருக்கும். அந்தக் கூட்டங்களில் மனைவிமார் நேரில் இல்லை என்பதையும், அவர்கள் குரல் பயிற்சியாளர் வாயிலாகவே அங்கு வந்து சேர்ந்தது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எல்லைக்கு மறுபக்கம், ருவாண்டாவில் நடந்தது வேறு. 1994இல் ஏறத்தாழ நூறு நாட்களில் எட்டு இலட்சம் பேர்வரை கொல்லப்பட்ட நாடு அது. பெண்கள்மீது பாலியல் வன்முறை போர்க்கருவியாகவே பயன்படுத்தப்பட்டது. பிறகு, கொலைகளில் ஈடுபட்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் ஆண்கள், சிறைகளில் இருந்தார்கள். நிலத்தையும் பிள்ளைகளையும் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். 1999இல் மகள்களுக்கும் வாரிசுரிமை தரும் சட்டம் வந்தது. 2008 தேர்தலுக்குப் பின் உலகிலேயே முதன்முறையாக ஒரு நாடாளுமன்றத்தில் பெண்கள் பெரும்பான்மையானார்கள்; குடும்ப வன்முறைக்கு எதிரான சட்டமும் அந்த ஆண்டிலேயே இயற்றப்பட்டது. இவ்வளவுக்கும் பிறகு, சிறு பிள்ளைகள் உள்ள இளம் தம்பதியரிடம் நடத்திய ஆய்வில், எந்தத் திட்டத்திலும் சேராத குழுவைச் சேர்ந்த பெண்களில் ஏறத்தாழ 57% பேர் கடந்த ஓராண்டில் கணவனிடம் அடிபட்டதாகச் சொன்னார்கள். சட்டமும் நாடாளுமன்ற இருக்கைகளும் எட்டாத ஓர் இடம் வீட்டுக்குள் இருக்கிறது என்பதற்கு இந்த ஓர் எண் போதும்.

அந்த ஆய்வு ‘பண்டெபெரெஹோ’ என்ற திட்டத்தைப் பற்றியது. ருவாண்டாவின் ஆண்கள் வள நிலையமும் புரொமுண்டோ அமைப்பும் சேர்ந்து கரோங்கி, முசான்சே, ந்யாருகுரு, ர்வமகானா ஆகிய நான்கு மாவட்டங்களில் இதை நடத்தின. மனைவி கருவுற்றிருக்கும் ஆண்களும் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் தந்தையரும் பதினைந்து கூட்டங்களுக்கு வந்தார்கள். அவற்றில் எட்டுக்கு மனைவிமாரும் உடன் வந்தார்கள். வழிநடத்தியவர்கள் அதே ஊரைச் சேர்ந்த தந்தையரான தன்னார்வலர்கள். கருவுற்ற காலம், குடும்பக் கட்டுப்பாடு பற்றிய கூட்டங்களில் உள்ளூர் தாதியரும், சட்டம் பற்றிய கூட்டத்தில் பொலிஸ் அலுவலரும் சேர்ந்துகொண்டார்கள்.

இத்தகைய பயிற்சிகளில் வழக்கமாக இடம்பெறும் ஒன்றை அருகில் நின்று பார்த்தால் தம்பதியர் கூட்டத்தின் பலம் புரியும். கணவனும் மனைவியும் தத்தம் நேற்றைய நாளை, விழித்தது முதல் படுத்தது வரை, மணிக்கு மணி சொல்ல வேண்டும். கணவன் வயலுக்குப் போனதையும், மண்வெட்டியைக் கழுவி வைத்ததையும், மாலையில் வாழைப்பழ பியர் குடிக்கும் இடத்தில் நண்பர்களோடு இருந்ததையும் சொல்வான். மனைவி விடியுமுன் மஞ்சள் ஜெரிகேனைத் தூக்கிக்கொண்டு மலைச்சரிவில் இறங்கித் தண்ணீர் கொண்டுவந்ததையும், அதே வயலில் அதே நேரம் முதுகில் பிள்ளையோடு கொத்தியதையும், விறகையும், அவரையை மணிக்கணக்கில் வேகவைத்ததையும் சொல்வாள். ஆண்கள் மட்டும் இருக்கும் கூட்டத்தில் மனைவியின் நாளைக் கணவன் தன் ஊகத்தில் சொல்வான். அதில் பாதி விடுபட்டுப்போகும். அவள் எதிரில் இருக்கும்போது அவன் கணக்கைத் திருத்துவதற்கு அங்கேயே ஆள் இருக்கிறது. அன்றிரவு வீட்டுக்குப் போனபின் பேச்சைத் தொடரவும் இருவருக்கும் பொதுவான சொற்கள் கிடைத்துவிடுகின்றன. எனக்குத் தெரிந்தவரை, தனிக்குழுவுக்கும் தம்பதியர் குழுவுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இதுதான்.

இருபத்தொரு மாதங்களுக்குப் பிறகு, திட்டத்தில் சேர்ந்த வீடுகளில் அடிபட்டதாகச் சொன்ன பெண்கள் ஏறத்தாழ 33%. சேராத வீடுகளில் 57%. பாலியல் வன்முறையில் இது 35%க்கு எதிராக 60%. ஆண்கள் வீட்டு வேலைக்கும் பிள்ளைப் பராமரிப்புக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் கூடுதலாகச் செலவிட்டார்கள். ஆறு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் அதே குடும்பங்களைத் தேடிப் போய்க் கேட்டபோதும் பலன் நீடித்தது என்று 2023இல் வெளியான தொடராய்வு காட்டியது. இந்த எண்களில் மகிழும்போதே இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிட வேண்டும்: இவ்வளவு பலனைத் தந்த திட்டத்திலும் மூன்று பெண்களில் ஒருத்தி இன்னமும் அடிபட்டுக்கொண்டிருந்தாள். ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும், ஆண்களோடு செய்யும் பணி பெண்களுக்கான அடைக்கலத்துக்கும் சட்ட உதவிக்கும் மாற்றாகாது.

ஊர் முழுவதையும் பேசவைக்கும் வழிக்குப் பெயர்பெற்றது உகண்டாவின் ‘சாசா’. கம்பாலாவில் ரெய்சிங் வொய்ஸஸ் அமைப்பு வடிவமைத்த இது, ஆண் பெண் என்று தொடங்காமல் அதிகாரம் என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறது: யாரிடம் உனக்கு அதிகாரம் இருக்கிறது, அதை எப்படிப் பயன்படுத்துகிறாய்? வெளியிலிருந்து வரும் பயிற்சியாளர் இல்லை. சந்தையில் காய்கறி விற்பவரும், மோட்டார் சைக்கிள் பழுதுபார்ப்பவரும் தத்தம் இடத்தில் அயலாரோடு பேசினார்கள். திருமணமாகப் போகும் பெண்ணுக்கு அறிவுரை சொல்லும் மரபுள்ள ‘செங்கா’ எனப்படும் அத்தைமாரும், பொலிஸாரும், சுகாதாரப் பணியாளரும் இதில் இழுக்கப்பட்டார்கள். அத்தையின் வாயிலிருந்து காலங்காலமாக வந்த “பொறுத்துக்கொள்” என்ற சொல் மாறுவதற்கு எந்தச் சுவரொட்டியும் ஈடாகாது என்பதால், இந்தத் தேர்வு மிகவும் நுட்பமானது என்பேன். 2007 முதல் 2012 வரை எட்டுச் சமூகங்களில் நடந்த ஆய்வில், திட்டம் நடந்த இடங்களில் உடல் வன்முறை 52% குறைவாக இருந்தது. கூட்டங்களுக்கு வந்தவர்களை மட்டும் கேட்டு எடுத்த முடிவு அல்ல இது. அந்தப் பகுதியில் வாழ்ந்த பெண்கள் பொதுவாகச் சொன்னது. ஆனால் ஆராயப்பட்ட சமூகங்கள் எட்டே எட்டு என்பதால் இந்த எண்ணைச் சுற்றியுள்ள புள்ளியியல் ஐயம் பெரிது. அது தற்செயல் அன்று என்று அடித்துச் சொல்ல முடியாது.

இதே வழியை ருவாண்டாவுக்குக் கொண்டுபோனபோது நடந்தது நமக்குப் பெரிய பாடம். 2014இல் தொடங்கிய ‘இந்தாஷ்யிகிர்வா’ திட்டத்தில் கெயார் அமைப்பின் கிராமச் சேமிப்புக் குழுக்களிலிருந்து தம்பதியர் எடுக்கப்பட்டு, ஐந்து மாதங்கள் வாரந்தோறும் பயிற்சி பெற்றார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் மேலும் பயிற்சி பெற்று, சாசாவைத் தழுவிய முறையில் ஊருக்குள் பேசத் தொடங்கினார்கள். பயிற்சி பெற்ற தம்பதியர் வீடுகளில் வன்முறை தெளிவாகக் குறைந்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், பெண்கள் சொன்னபடி, உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு பாதிக்கும் கீழே இருந்தது. ஊர் அளவிலோ எந்த மாற்றமும் பதிவாகவில்லை. ஒரே நாடு, ஒரே திட்டம், ஒரே நிதி; தம்பதியர் பகுதி பலித்தது, ஊர்ப் பகுதி பலிக்கவில்லை. ஊர்ப் பணிக்குக் கிடைத்த காலம் போதவில்லை என்பது ஒரு காரணம். கம்பாலாவின் நெருக்கமான குடியிருப்பில் ஒருவர் சொல்வது அடுத்த வீட்டுக்குக் கேட்கும். ருவாண்டாவின் மலைகளிலோ வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. அதிகாரிகள் கூட்டும் முறையான கூட்டங்களில் பேசப்படும் எதுவும் அறிவுரையாகவே கேட்கப்படும் என்பதையும் நான் ஒரு காரணமாகச் சேர்ப்பேன், அது என் கணிப்புதான் என்றாலும்.

பள்ளி வழிக்கு நல்ல சான்று நம் அருகிலேயே உள்ளது. 2011 குடிமதிப்பில் ஆயிரம் ஆண்களுக்கு 879 பெண்களே இருந்த ஹரியாணாவில், பிரேக்த்ரூ அமைப்பு அரசுப் பள்ளிகளில் 7ஆம் வகுப்பு முதல் இரண்டரை ஆண்டுகள், மூன்று வாரங்களுக்கு ஒரு முறை, 45 நிமிட வகுப்பு நடத்தியது. 314 பள்ளிகளை உள்ளடக்கிய ஆய்வில், பிற்போக்கான கருத்துகளில் ஏறத்தாழ 16% முற்போக்கான பக்கம் திரும்பின. வகுப்புகள் முடிந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் அது நிலைத்தது. வீட்டு வேலை போன்றவற்றில் தங்கள் நடத்தை மாறியதாகச் சொன்னதில் பையன்களே பெண்பிள்ளைகளைவிட முந்தினார்கள். அவர்கள் நினைத்தால் செய்யலாம்; பெண்பிள்ளைகளுக்குக் கட்டுப்பாடு அதிகம். ஆனால் இது போர் நடந்த இடமன்று, அளக்கப்பட்டதும் வன்முறையன்று. இந்தப் பையன்கள் கணவர்களாகும்போது என்ன செய்வார்கள் என்பதை மூன்று ஆண்டு நிதியில் எவராலும் அறிய முடியாது. கல்வித் துறை தன் பாடநேரத்துக்குள் எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டால், செலவு குறைவாக, ஆயிரக்கணக்கானோரை எட்டும் வழி இதுவே. ஒப்புக்கொள்ளாவிட்டால் ஒரு தொண்டு நிறுவனம் தனியே இதைத் தூக்கிச் சுமக்கக் கூடாது.

ஆகவே மூன்று ஆண்டு நிதியுள்ள நிறுவனத்துக்கு என் பரிந்துரை தம்பதியர் குழு. ஊர்ப் பணியைத் தேர்பவர்கள் குறைந்தது ஐந்து ஆண்டுகள் அங்கேயே இருக்கப்போவதை உறுதிசெய்துகொண்ட பிறகே தேர வேண்டும். அதுவும் நெருக்கமான குடியிருப்புகளில். ஆண்கள் மட்டும் கூடும் கூட்டங்களைத் தம்பதியர் குழுவின் முதல் சில வாரங்களுக்கு மட்டும் பயன்படுத்தலாம். மனைவி முன் வாய் திறக்கத் தயங்கும் ஆண், போரில் தான் கண்டதையும் செய்ததையும் இன்னொரு ஆணிடம் முதலில் சொல்ல இடம் வேண்டியிருக்கிறது. அதற்கு மேல் அதை நீட்டினால், கிவுவில் கண்டதுபோல, மரியாதை பெற்ற ஆண்கள் கூட்டமொன்று உருவாகும். முடிவெடுக்கும் உரிமை இருந்த இடத்திலேயே இருக்கும்.

இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் பணியாற்றும் வாசகர்களுக்கு இந்தத் தேர்வு தூரத்து விடயம் அன்று. 2013இல் வெளியான ஆறு நாடுகளின் ஆண்கள் பற்றிய ஐ.நா. ஆய்வில் இலங்கையும் ஒன்று. அங்கே ஆய்வு நடந்த மாவட்டங்களில் மட்டக்களப்பும் இருந்தது. ருவாண்டாவின் திட்டங்களைத் தூக்கி நிறுத்திய மூன்று தூண்களும், அதாவது கருவுற்ற காலத்திலிருந்தே வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளர், கிராமச் சேமிப்புக் குழு, சட்டம் சொல்ல வரும் பொலிஸ், அங்கே வேறு பெயர்களில் ஏற்கெனவே உள்ளன. குடும்ப நல உத்தியோகத்தர் வீடு வீடாகப் போகிறார். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் ஊர்தோறும் உள்ளன. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. முசான்சேயில் பண்டெபெரெஹோவை விரிவுபடுத்தியபோது, தொண்டு நிறுவனத்தின் சம்பளப் பணியாளர்களிடம் வைத்திருக்காமல் கிராமச் சுகாதாரப் பணியாளர்களிடமே அதை ஒப்படைத்தார்கள். நிதி முடிந்தபின்னும் தொடர வேண்டுமானால் அதைத்தான் இங்கும் செய்ய வேண்டியிருக்கும். ஆனால் முன்பே வேலைச்சுமையில் தவிக்கும் குடும்ப நல உத்தியோகத்தர் தலையில் பதினைந்து கூட்டங்களைக் கட்டிவிடுவது நியாயமாகாது. வழிநடத்தும் பொறுப்பை ஊர்த் தந்தையரிடம் விட்டு, அவரை ஓரிரு கூட்டங்களுக்கு மட்டும் அழைப்பதே தகும். பொலிஸ் அலுவலரை அழைப்பதிலும் கவனம் வேண்டும்: சீருடையோடு கசப்பான நினைவுகள் உள்ள ஊரில், சட்ட உதவி வழக்கறிஞர் ஒருவர் அந்த இடத்தில் இருப்பது நல்லது.

போரில் கணவனை இழந்த, அல்லது கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் அதிகமுள்ள ஊர்களில் தம்பதியர் குழு மட்டும் போதாது என்பதையும் மறக்கக் கூடாது. அந்த வீடுகளில் அடிக்கும் கணவன் இல்லை. அவர்களை அச்சுறுத்துபவர்கள் கடன் வசூலுக்கு வருபவர்களாகவும், அயலாராகவும், உறவினராகவும் இருக்கலாம். அத்தகைய ஊரில் தம்பதியர் குழுவில் பயிற்சி பெற்ற ஆண்களை, மாதர் சங்கம் சொல்லும் பணியில், மாதர் சங்கத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களாக நிறுத்துவது பயன் தரும்.

தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டியது இரண்டு. முதலாவது, திட்ட நிதியில் பெண்கள் அமைப்புகளுக்குப் போய்க்கொண்டிருந்த பணம் எதுவும் ஆண்கள் பணிக்குத் திருப்பப்படவில்லை என்பதை வரவுசெலவுத் திட்டத்தில் வரி வரியாகக் காட்ட வேண்டும். இரண்டாவது, பயிற்சிக் காலத்தில் ஒரு பெண் உடனடி ஆபத்தில் இருக்கிறாள் என்று தெரியவந்தால் அவளை எங்கே அனுப்புவது என்று பார்த்து வைக்க வேண்டும். கணவன் எதிரில் பேசியதற்காகவே அன்றிரவு அவள் அடிபடக்கூடும் என்பதால் தம்பதியர் கூட்டத்தில் இந்த ஆபத்து மற்ற வழிகளைவிட அதிகம். அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையில், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ‘நட்பு நிலையம்’ உண்மையில் இயங்குகிறதா, இரவில் தொலைபேசியை எடுப்பவர் யார், அடைக்கல இல்லம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்பவற்றை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அவை இல்லையென்றால், முதல் ஆண்டு நிதியை அவற்றை ஏற்படுத்துவதற்குச் செலவிட்டு, தம்பதியர் கூட்டங்களை இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளிவைக்க வேண்டும்.